அந்தச் சொல்லில் அப்பாவும் இருந்தார்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள், நுரை தெறிக்கும். டீச்சர் தும்மியது, பக்கத்து பெஞ்சுக்காரி பொய் சொன்னது, பஸ்ஸில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டே டிக்கெட் வாங்கியது என்று எல்லாம் ஒலிபரப்பாகும். பெயர் வைத்தது அப்பா. "வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்" என்று அம்மா அலுத்துக்கொள்வது போலப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அந்த ரேடியோ நின்றுபோய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பதினைந்து வயதுப் பெண் பேச்சைக் குறைத்தால் வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படுவதில்லை, சந்தோஷப்படுகிறார்கள். "இப்பதான் அடக்கம் வந்திருக்கு" என்றாள் அம்மா. "பேட்டரி தீந்துபோச்சா ரேடியோ?" என்று அப்பா கேலி செய்தார். அப்பா பேக்கரிக்காரர். மாவு பிசையும் மிஷினில் சத்தம் ஒரு துளி மாறினாலும் நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டுப் பார்க்கிற ஆள். பெற்ற பெண்ணின் சத்தம் அடியோடு நின்றுபோனதற்கு ஒரு கேலியோடு நகர்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் காது மந்தம்தான், என்ன செய்வது.

கீழே முன்பக்கம் கடை. அதற்குப் பின்னால் அடுப்பும் மிஷினும் இருக்கிற வேலைக்கூடம். மாடியில் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். அந்த அறைகளுக்கு எதிரே, படியேறியதும் இடது பக்கம், மாவு மூட்டைகள் அடுக்கி வைக்கும் அறை. அந்தப் படியில்தான் பெரியப்பா ஏறி வருவார். அப்பாவின் அண்ணன். எதிர்ச் சாரியில் தனியாக இருந்தார். பேக்கரியின் வேனை ஓட்டிக்கொண்டு கடை கடையாக ரொட்டி போடுவது அவர் வேலை. தம்பி வீட்டுக்குள் வர அவர் கதவைத் தட்டியதில்லை. தட்டியிருந்தால்தான் வீட்டில் சண்டை வந்திருக்கும்.

அப்பாவுக்கு விவரம் தெரியும் முன்பே அவரைப் பெற்றவர் போய்விட்டார். சோறு போட்டது அண்ணன், தொழில் சொல்லிக் கொடுத்தது அண்ணன், கல்யாணம் செய்து வைத்தது அண்ணன். அதனால் அப்பா அண்ணன் முன்னால் உட்கார மாட்டார். அவர் வந்தால் ஸ்டூலைத் தன் துண்டாலேயே துடைத்துப் போடுவார். அவர் இல்லாத இடத்திலும் "அண்ணன் சொல்லிட்டாங்க" என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. தெருவிலும் அவருக்கு நல்ல பெயர். யாருக்கு யாரோடு தகராறு என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

சில வாரங்களுக்கு முன்பு அம்மாவின் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா பார்க்கப் போயிருந்தாள். அப்பா கடையில் இருப்பார் என்று நினைத்துத்தான் போனாள். ஆனால் மிஷினில் பெல்ட் அறுந்துபோய், வேறு வாங்கிவர அப்பாவும் வெளியே போய்விட்டார். மாவு மூட்டை இறக்கப் பெரியப்பா மாடிக்கு வந்தார்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. எழுதுகிறவனுக்கு அதில் பங்கில்லை. நடந்தது பெரும் கொடுமை, அதில் அவள் தப்பு குன்றிமணி அளவும் இல்லை, இவ்வளவு தெரிந்தால் போதும். போகும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிவிட்டுப் போனார். அதையும் குரல் உயர்த்தாமல் சொன்னார். "இது வெளிய வந்தா உங்கப்பன் உசுரோட இருக்க மாட்டான். பாத்துக்க." பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அப்பா பெல்ட்டோடு திரும்பி வந்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்து டீ குடித்தார்கள். மேலே இருந்த அவளுக்கு டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரார் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். வேலி பேர்போன வேலியாக இருந்தால், பயிர் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

சொல்ல அவள் முயலாமல் இல்லை. குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்ப்பாள். எந்த வழியாகத் தொடங்கினாலும் அந்த ஒரு சொல்லில் போய் முட்டிக்கொண்டது. பெரியப்பா. மாமா என்றோ சித்தப்பா என்றோ இத்தனை வருஷம் எத்தனையோ சொல்லை யோசிக்காமல் வாயில் போட்டு மென்றிருக்கிறாள். இந்தச் சொல்லை மட்டும் இப்போது வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதில் அப்பாவும் இருந்தார். பெரி என்று தொடங்கினால் அப்பா என்றுதான் முடிக்க வேண்டியிருந்தது. நடந்ததோடு சேர்த்து அதைச் சொன்னால், ஒரு பாவமும் அறியாத அப்பாவின் முகத்திலும் சேற்றைப் பூசுவது போல இருந்தது. பெரியவர்களைப் பேர் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வெறுமனே 'அவங்க' என்றால், 'எவங்கடி?' என்று அம்மா கேட்பாள். திரும்ப அங்கேயேதான் வந்து நிற்க வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். பரீட்சைக்கு அவளைத் தயார் செய்ய ஊரின் மறுகோடியில் ஒரு டியூஷனில் சேர்த்தாயிற்று. காலை வகுப்பு.

"பஸ்ல கூட்டத்துல இடிபட்டுப் போக வேணாம். அண்ணன் வேன்லயே கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து."

அவள் கையில் இருந்த ரொட்டித் துண்டு தட்டில் விழுந்தது.

"நான் பஸ்லயே போறேன்ப்பா."

"ஏன், வேனுக்கு என்ன?"

"வேன்ல போக மாட்டேன்."

"என்னடி இது புதுசா?" என்றாள் அம்மா. "வேன்ல போனா கௌரவம் கொறஞ்சு போகுதோ? ரொட்டிக்காரன் பொண்ணுன்னு ஃப்ரெண்ட்ஸுங்க சொல்லுவாங்களோ?"

"அது இல்லம்மா."

"வேற என்ன?"

வேற என்ன. அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாக அவள் ஏங்கிக் கிடந்தாள். கேட்டதும் விழுந்த ரொட்டித் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஒம் பெரியப்பா மாதிரி ஒருத்தர் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அப்பா. அவருக்கு மனசு நொந்துவிட்டது. "அவங்க காதுல விழுந்தா எவ்வளவு வருத்தப்படுவாங்க? அவங்க முன்னாடி இப்படிப் பேசிடாத, என்ன?"

மறுநாள் தனியாக அப்பாவிடம் போனாள். அப்பா பலகையில் மாவை வெட்டி, எடை பார்க்காமலே உள்ளங்கையில் உருட்டி அச்சில் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். முன்பெல்லாம் அப்படி நின்றால் அவளும் ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்து வாத்து, முயல் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பாள். இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா..."

"சொல்லு ரேடியோ." முகம் மலர்ந்து நிமிர்ந்தார். எத்தனை நாள் கழித்துத் தானாக வந்து கூப்பிடுகிறாள்!

அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். இந்த முகம்தான் உயிரோடு இருக்காது என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மாவுல உப்பு போட்டாச்சா?" என்று கேட்டாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷம் ரொட்டி போட்டு, உப்பு போட மறந்தா சொல்லு, கடையை ஒம் பேர்ல எழுதி வெச்சிடறேன்." அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மேலே போய்ப் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். அழுகைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு மதியத்தோடு கடையை மூடிவிடுவார்கள். கதவைச் சாத்தியதும் அம்மா தட்டுகளைச் சுரண்ட உட்காருவாள். அடுப்பில் வெந்து கருகிப் பிடித்ததை இரும்புத் தகட்டால் சுரண்டி, எண்ணெய் தடவி அடுக்க வேண்டும். உள்ளே அப்பா மறுநாளுக்கான முதல் மாவைப் போட்டு மிஷினை ஓடவிடுவார். கடகடவென்று அந்தச் சத்தம் வீடு முழுக்க நிறைந்துவிடும்.

அவள் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டில் தடவிய இடத்திலேயே தடவிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய்க் குடம் வேணுமா தாயி?" என்றாள் அம்மா. "தட்டு மொதக்குது பாரு."

அவள் நிமிரவில்லை.

"நாளைக்கு சீக்கிரம் எந்திரிக்கணும். பெரியப்பாவைக் காக்க வெக்கக் கூடாது."

அப்போதுதான் அது வந்தது. சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துச் சொன்னதல்ல. குமட்டிக்கொண்டு வரும்போது யாரும் முடிவெடுப்பதில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெரி என்ற முதல் பாதியைத் தொண்டை விழுங்கியதா, மிஷின் விழுங்கியதா தெரியாது.

"...அப்பா என்னை தப்பா... என்னைத் தொட்டு... தப்பா நடந்துக்கிட்டாங்கம்மா."

சுரண்டும் சத்தம் நின்றது.

"என்ன சொன்ன?"

ஒருமுறை சொன்னதே கடைசி மூச்சுப் போல இருந்தது.

"எப்ப?" அம்மாவின் குரல் அம்மாவுடையதாகவே இல்லை. "சொல்லுடீ, எப்ப?"

"நீ சித்தியைப் பாக்கப் போனப்ப."

"எங்க?"

அவள் கண்ணை மட்டும் உயர்த்தி மாடிப் பக்கம் பார்த்தாள்.

அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்த இரும்புத் தகட்டோடு எழுந்தாள். எழும்போது அடுக்கி வைத்த தட்டுகள் சரிந்து விழுந்தன. வேலைக்கூடத்துக்குள் போய், சுவரிலிருந்த சுவிட்சை ஓங்கி அடித்து மிஷினை நிறுத்தினாள். முழங்கை வரை மாவோடு திரும்பிய அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எம் பொண்ணை என்னடா பண்ணுன?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை அவள் என்னங்க, ஏங்க என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு அந்த டா-வே முதலில் புரியவில்லை. "என்ன... என்ன சொல்ற?" என்றார். தகடு அவர் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"நான் வீட்டுல இல்லாத நேரம் பாத்து... பெத்த பொண்ணை... நீயெல்லாம் மனுஷனாடா?"

கூடத்து வாசலில் வந்து நின்ற மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. நடுத்தெருவில் துணியை உருவியதுபோல ஒரு திகைப்புதான் இருந்தது. நடந்துபோன பிழை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த முகத்தைக் காப்பாற்ற இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அந்த முகத்தின் மேலேயே அவள் வாயிலிருந்து வந்த அரைச்சொல் போய் விழுந்திருந்தது.

"அப்பா இல்லம்மா!" என்று கத்தினாள். "அப்பா இல்லம்மா! பெரியப்பா! பெரியப்பாம்மா! பெரியப்பா!"

மிஷின் நின்றுபோன அந்தக் கூடத்தில் அது சுவருக்குச் சுவர் மோதியது. சொல்லச் சொல்ல அவளால் நிறுத்த முடியவில்லை. அம்மாவின் கை அப்பாவின் சட்டையிலிருந்து மெதுவாக நழுவியது.

அப்பா கையிலிருந்த மாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"அண்ணனா?" என்றார். "அண்ணன் அப்படியெல்லாம்..."

"முடிக்காதீங்க." அம்மா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அந்த வார்த்தையை மட்டும் முடிக்காதீங்க. சொல்லிட்டேன்."

அப்பா முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. அவர் அடுத்துக் கேட்டது வேறு. அது குழந்தை கேட்பது போல இருந்தது.

"நீ... என்னையா நெனச்ச?"

"ஆமா. நெனச்சேன்." அம்மா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "எம் பொண்ணு சொன்னா. நம்பினேன். நீங்களா இருந்தாலும் நம்பியிருப்பேன். நம்பிட்டுத்தான் வந்து சட்டையைப் பிடிச்சேன்."

அப்பாவுக்கு அது எந்த இடத்தில் போய்த் தைத்ததோ, தெரியாது. ஆனால் வாசலில் நின்றவளுக்குக் காலடியில் தரை திரும்ப வந்தது போல இருந்தது. யாரும் நம்ப மாட்டார்கள் என்று எத்தனை நாள் உருகிப் போயிருக்கிறாள்! அம்மா ஒரு சாட்சி கேட்கவில்லை. அப்படியா, நிஜமாவா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்று எதுவும் கேட்கவில்லை. பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது. அதுவும் தப்பாக விழுந்தது. அதை நம்பிக்கொண்டு கட்டின புருஷன்மேலேயே பாய்ந்துவிட்டாள். நம்புகிற ஒருத்தி எதிரே உட்கார்ந்து தட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும்தான் அத்தனை நாள் வராத அழுகை வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து அழுதாள்.

அம்மா தகட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல? ஏன்டி செல்லம் சொல்லல? நான் ஒரு பாவி, அடக்கம் வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேனே!"

"சொன்னா அப்பா செத்துருவாங்கன்னு சொன்னாங்க" என்றாள் அழுகைக்கு நடுவே. "பெரியப்பா சொன்னாங்கம்மா. வெளிய வந்தா அப்பா உசுரோட இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

அப்பா அதைக் கேட்டார். சொன்னாங்க. இவ்வளவு நடந்த பிறகும் குழந்தை அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறது. யார் பழக்கிய மரியாதை அது? ஸ்டூலைத் துடைத்துப் போட்டுப் போட்டுப் பழக்கியது யார்? மாவு சிந்திய தரையிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ங்க வேணாம்மா" என்றார். குரல் உடைந்து போயிருந்தது. "அவனுக்கு ங்க போடாத."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவர் அவன் என்று சொன்னதில்லை. மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லோடு அவருக்கு அப்பனும் போனான், அண்ணனும் போனான், தொழில் சொல்லிக் கொடுத்தவனும் போனான். அப்பா செத்துவிடவில்லை. ஆனால் அவன் சொன்னது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

அம்மாதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "இனி அவன் இந்தப் படி ஏற மாட்டான். மொதல்ல ஒரு லேடி டாக்டரைப் பாப்போம். அப்புறம் போலீஸ். நான் கூடவே இருப்பேன், உள்ள வரைக்கும் வருவேன். உனக்கு சொல்ல முடியற அளவுக்கு சொன்னாப் போதும். சரியா? நீ சரின்னாதான்."

அவள் தலையாட்டினாள்.

மேஜைமேல் இருந்த அப்பாவின் போன் அடித்தது. 'அண்ணன்' என்று வெளிச்சம் காட்டியது. நாளைக் காலை வேன் எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூப்பிட்டிருப்பான். அடித்து அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எடுக்கவில்லை. மிஷினில் பாதி பிசைந்த மாவு கிடந்தது. நாளைக்குத் தெருவில் ரொட்டி இருக்காது, ஏன் என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லபடியாகக் கேட்க மாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"சேலை மாத்திட்டு வந்துடறேன்" என்று அம்மா மாடிக்குப் போனாள். படியேறும்போது அந்த அறையின் கதவைப் பார்க்காமலே போனாள்.

கூடத்தில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அவள் சுவரோரம் கிடந்த காலி மூட்டைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். விரலிடுக்கில் ஒட்டிய மாவு சுலபத்தில் போகவில்லை. வெகுநேரம் கழுவினார். பிறகு அவளிடம் வந்தார், கை நீட்டித் தலையைத் தடவப் போனார். அவள் உடம்பு தானாகச் சுவரோடு ஒடுங்கியது. அவள் வேண்டும் என்று செய்யவில்லை. அது அவளுக்கே வலித்தது. அப்பா கையை உடனே இழுத்துக்கொண்டார்.

இந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் நடக்கக் கற்றுக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

"பக்கத்துல உக்காரலாமாம்மா?" என்று கேட்டார்.

பெற்ற பெண்ணிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். 'உக்காருங்கப்பா' என்று சொல்லிவிடத்தான் அவள் மனசு துடித்தது. அப்பாவுக்கு வருத்தம் வரக்கூடாது என்று நினைத்து நினைத்துத்தான் இவ்வளவு நாளும் போயிற்று. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்றாள்.

"சரிம்மா" என்றார் அப்பா. அவள் கேட்டதைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.